நகராத சைக்கிள் - ஒரு சின்ன சரித்திரம்

தீபாவளி முடிந்த ஒரு வாரத்தில் டில்லிக் காற்று எப்படி இருக்கும் என்று இங்கே இருக்கிற நம்ம மக்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நிஜாமுதீன் பாலத்தில் நின்றால் யமுனை தெரியாது. சில நாள் எதிரே வருகிற பஸ்ஸே தெரியாது. காற்றுத் தரக் குறியீடு 400-ஐத் தாண்டுகிற காலையில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு சைக்கிளில் கிளம்புவது ஆரோக்கியம் இல்லை, அடம். மே, ஜூன் வந்தால் வெயில். ஆக, வருஷத்தில் நாலு மாதமாவது என் சைக்கிள் பால்கனியை ஒட்டின ரூமுக்குள், பின்சக்கரத்தை ஒரு டிரெய்னரில் பூட்டிக்கொண்டு நிற்கும். நான் மேலே உட்கார்ந்து மிதிப்பேன். எங்கேயும் போக மாட்டேன்.

ஆபீசில் மதுரைக்காரர் ஒருவர் இருக்கிறார். இதைக் கேள்விப்பட்டு, "சார், ரூமுக்குள்ள ஒரே இடத்துல மிதிச்சா ரோட்டுல ஓட்டுறதுக்குத் தெம்பு வருமா, இல்ல சும்மா வேர்வைதானா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நூறு வருஷத்துக்கும் மேலாக விஞ்ஞானிகளும், பந்தயக்காரர்களும், பெண்டாட்டி பிள்ளைக்குப் பயந்தவர்களும் இந்தக் கேள்விக்குப் பதில் தேடியிருக்கிறார்கள். நான் படித்தது பி.காம்., பார்ப்பது பேங்க் உத்தியோகம். ஆனாலும் பழைய கணக்கைப் புரட்டுவது எனக்குப் பிடித்த வேலை. புரட்டியதில் கிடைத்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு வேடிக்கை. சைக்கிள் பிறப்பதற்கு முன்னாலேயே நகராத சைக்கிள் பிறந்துவிட்டது! 1796-ல் லண்டனில் ஃபிரான்சிஸ் லௌண்டஸ் என்பவர் 'ஜிம்னாஸ்டிகான்' என்ற எந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். காலுக்கு மிதிகட்டை, கைக்குச் சுற்றுகிற பிடி, சக்கரம் எல்லாம் உண்டு. முடங்கிய கை கால்களுக்கு அசைவு கொடுக்கத்தான் அது. ஜெர்மனியில் கார்ல் டிரைஸ், காலால் தரையை உந்தி ஓட்டுகிற இரண்டு சக்கர வண்டியைக் கொண்டுவந்தது 1817-ல். அதற்குப் பெடல் வந்தது 1860-களில்.

அடுத்த காட்சி டைட்டானிக். சினிமா பார்த்தவர்களுக்குக் கப்பலின் உடற்பயிற்சிக் கூடம் ஞாபகம் இருக்கலாம். அந்தக் கூடத்தில் நிஜமாகவே நகராத சைக்கிள்கள் இருந்தன. எவ்வளவு தூரம் 'போயிருக்கிறோம்' என்று காட்ட எதிரே பெரிய கடிகாரம் மாதிரி ஒரு முள். 1912-ல் எடுத்த ஒரு படத்தில் லாரன்ஸ் பீஸ்லி என்ற விஞ்ஞான வாத்தியார் அதில் உட்கார்ந்திருக்கிறார். அவர் பிழைத்து வந்து, அதே வருஷம் கப்பல் மூழ்கிய கதையைப் புத்தகமாக எழுதினார். கூடத்தைப் பார்த்துக்கொண்ட பயிற்சியாளர் மெக்காலி பிழைக்கவில்லை.

இதெல்லாம் பணக்காரர்களின் ஆரோக்கிய மேட்டர். நம்ம கேள்வி வேறு. ரோட்டில் ஓட்டுகிறவன் எப்போது வீட்டுக்குள் வந்தான்?

பனிதான் காரணம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் குளிர்காலத்தில் ரோடு உறைந்துவிடும். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பந்தயக்காரர்கள் ரோலர் என்ற சாதனத்துக்கு வந்தார்கள். ஒரு சட்டத்தில் மூன்று உருளைகள். பின்சக்கரம் இரண்டு உருளைக்கு நடுவே உட்காரும், முன்சக்கரம் மூன்றாவதன் மேல். பின் உருளையிலிருந்து முன் உருளைக்கு ஒரு பெல்ட் ஓடும். பின்சக்கரம் சுற்றினால் முன்சக்கரமும் தானாகச் சுற்றும். சைக்கிளைப் பிடித்துக்கொள்ள எதுவும் கிடையாது, ரோட்டில் மாதிரியே பேலன்ஸ் பண்ணித்தான் ஓட்டவேண்டும். கொஞ்சம் அசந்தால் சோபா மேல் விழலாம். இதற்கு 'ஹோம் டிரெய்னர்' என்று பெயர் வைத்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் அதே பெயரைத்தான் சொல்கிறார்கள். நாடக மேடையில் ரோலர்களை வைத்து, பின்னால் பெரிய முள்ளில் தூரம் காட்டி, டிக்கெட் போட்டுப் பந்தயமே நடத்தியிருக்கிறார்கள்.

இன்னொரு பக்கம், கூரைக்குக் கீழே மரத்தளம் போட்ட வட்டப் பாதையில் ஆறு நாள் பந்தயங்கள். 1878-லேயே லண்டனில் நடந்தது. 1891-லிருந்து நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில். ஒரே ஆள் ஆறு நாள் தூங்காமல் சுற்றி மனநிலையே பிசகிப் போவதைப் பார்த்து, ஒருவர் ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது என்று சட்டம் வந்தது. முதலாளிகள் விடுவார்களா? 1899-ல் இரண்டு பேர் கொண்ட ஜோடி, ஒருவர் ஓட்டும்போது மற்றவர் ஓய்வு என்று மாற்றினார்கள். ஒலிம்பிக்கில் இன்றும் 'மேடிசன்' என்று ஒரு போட்டி இருப்பது அதனால்தான். பின்னாளில் எடி மெர்க்ஸ் மாதிரி ரோடு சாம்பியன்களே குளிர்காலத்தில் இந்த ஆறு நாள் பந்தயங்களுக்கு வந்தார்கள். கையில் காசு, காலில் பழக்கம், இரண்டும் மிச்சம்.

ரோலரில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. பாரமே இல்லை. காரணம் புரிய 1899 ஜூன் 30-ஆம் தேதி நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டில் நடந்ததைச் சொல்லவேண்டும். சார்லஸ் மர்ஃபி என்பவர் ஓடுகிற ரயிலுக்குப் பின்னாலேயே, தண்டவாளங்களுக்கு நடுவே பலகை போட்டு, சைக்கிள் ஓட்டினார். ரயில் காற்றை மறைத்தது. ஒரு மைலை 57.8 விநாடியில் கடந்தார். அதாவது மணிக்கு 100 கிலோமீட்டர்! மனுஷன் அதேதான், கால் அதேதான். எதிர்க்காற்றை மட்டும் எடுத்துவிட்டார்கள். சமதள ரோட்டில் நாம் செலவழிக்கிற சக்தியில் பெரும்பங்கைக் காற்றுதான் வாங்கிக்கொள்கிறது. அதுவும் எப்படி? வேகம் இரண்டு மடங்கானால் காற்றுக்குக் கட்டவேண்டிய பவர் எட்டு மடங்கு. எங்க பேங்க் கூட்டு வட்டியெல்லாம் இதற்கு முன்னால் பிச்சை வாங்கவேண்டும் :-)

ரூமுக்குள் காற்று எதிர்க்காது. ஆகவே பழைய ரோலரில் எழுபது எண்பது கிலோமீட்டர் வேகம் காட்டினாலும் அது காகிதத்தில் காட்டும் லாபம் மாதிரி, கைக்கு வராது. 1970-களில்தான் இதற்கு ஒரு எளிய வழி பிறந்தது. பின்சக்கரம் சுழற்றுகிற உருளையில் ஒரு விசிறியை மாட்டிவிட்டார்கள். விசிறியும் காற்றைத்தானே தள்ளவேண்டும், அதற்கும் அதே எட்டு மடங்கு விதிதான். ரோட்டுப் பாரம் வீட்டுக்குள் வந்தது. கூடவே ஏரோப்ளேன் சத்தமும் வந்தது. பக்கத்து ஃப்ளாட்காரர் சண்டைக்கு வருகிற அளவுக்கு. அப்புறம் காந்தம், திரவம், கடைசியில் கம்ப்யூட்டர் சொன்னபடி பிரேக் பிடிக்கிற டிரெய்னர் என்று வளர்ந்தது.

இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த ஆட்கள் பந்தயக்காரர்கள் இல்லை, கணக்கெடுத்தவர்கள்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகர ஆய்வுக்கூடத்தில் ஃபிரான்சிஸ் பெனடிக்ட், எட்வர்ட் காத்கார்ட் என்ற இருவர், ஒரு தொழில்முறை சைக்கிள் வீரரை நகராத சைக்கிளில் மிதிக்கவைத்து, அவர் மூச்சுக்காற்றை அளந்தார்கள். 1913-ல் முடிவை வெளியிட்டார்கள். மனித உடம்பு எரிக்கிற சக்தியில் எத்தனை பங்கு வேலையாக மாறுகிறது என்பதுதான் கேள்வி. சுமார் ஐந்தில் ஒன்றிலிருந்து நாலில் ஒன்று என்று பிறகு வந்தவர்களும் உறுதி செய்தார்கள். மிச்சம் எல்லாம் சூடு. கணக்குப் போட்டுப் பாருங்கள். நீங்கள் பெடலில் 200 வாட் கொடுத்தால் உடம்பில் 600-லிருந்து 800 வாட் வரை சூடு கிளம்பும். நம்ம வீட்டு இஸ்திரிப் பெட்டி 750 வாட்! ரோட்டில் அதை எதிர்க்காற்று அள்ளிக்கொண்டு போகும். ரூமில் அது உங்களைச் சுற்றியே நிற்கும். இருபது நிமிஷத்தில் நாடித்துடிப்பு ஏறுவதும், தரையில் குளம் கட்டுவதும் இதனால்தான். 'உள்ளே மிதிப்பது கஷ்டம்' என்று எல்லோரும் சொல்வதில் பாதி இந்த இஸ்திரிப் பெட்டியின் வேலை. ஒரு பெடஸ்டல் ஃபேன் வாங்கினால் பாதி கஷ்டம் போய்விடும். (ஜனவரிக் குளிரில் ஃபேன் போட்டால் தங்கமணியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது தனி.)

அதே 1913-ல் டென்மார்க்கின் ஆகஸ்ட் க்ரோக், மின்காந்தப் பிரேக் வைத்த ஒரு சைக்கிள் எர்கோமீட்டரைச் செய்தார். எர்கோமீட்டர் என்றால் வேலை அளப்பான், அவ்வளவுதான். இவர் 1920-ல் நோபல் பரிசு வாங்கினார், அது வேறு ஆராய்ச்சிக்கு. ஸ்வீடனில் 1954-ல் வான் டோபெல்ன் என்பவர் பெல்ட் உராய்வில் ஓடுகிற மலிவான எர்கோமீட்டரை வடிவமைத்தார். அதே வருஷம் பெர்-ஓலோஃப் ஆஸ்ட்ரண்டும் ஐர்மா ரிமிங்கும் ஒரு முறை சொன்னார்கள்: ஆறு நிமிஷம் ஒரே பாரத்தில் மிதி, நாடியை எண்ணு, அதிலிருந்து உன் உடம்பு அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜன் எடுக்கும் என்று ஒரு வரைபடத்தில் பார்த்துக்கொள். வாயில் குழாய் மாட்டவேண்டாம், மூச்சு நிற்கும்வரை ஓடவேண்டாம்.

நம்ம மதுரைக்காரருக்குப் பதிலின் முதல் பாதி இங்கேதான் இருக்கிறது. அதே பாரம், அதே ஆறு நிமிஷம். நவம்பரில் நாடி 150 என்றால், ஜனவரியில் 138 ஆகியிருக்கிறதா? ஆகியிருந்தால் இருதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக ரத்தம் தள்ளுகிறது, காலின் தசை அதை நன்றாக உபயோகிக்கிறது என்று அர்த்தம். அந்த இருதயத்துக்கு நீங்கள் ரூமில் இருக்கிறீர்களா, யமுனா எக்ஸ்பிரஸ்வேயில் இருக்கிறீர்களா என்று தெரியாது. ரோட்டில் இந்தப் பாஸ்புக்கை எழுதவே முடியாது. ஒரு நாள் காற்று, ஒரு நாள் டிராஃபிக், ஒரு நாள் நாய் துரத்தல். நகராத சைக்கிளில் மட்டும்தான் போன வாரத்து வரவையும் இந்த வாரத்து வரவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

சாம்பியன்கள் இதைச் சீக்கிரம் பிடித்துக்கொண்டார்கள். 1972 அக்டோபர் 25, மெக்ஸிகோ சிட்டி. எடி மெர்க்ஸ் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டிச் சாதனை படைத்தார். அந்த ஊர் 2,200 மீட்டருக்கு மேல். காற்று மெல்லியது, எதிர்ப்பு குறைவு. ஆனால் ஆக்சிஜனும் குறைவு. அதற்குப் பழக அவர் பெல்ஜியத்தில் தன் வீட்டு கராஜில், முகமூடி மாட்டி, ஆக்சிஜன் குறைந்த காற்றை இழுத்துக்கொண்டு ரோலரில் மிதித்தார். மலை ஏறாமலே மலைக்குத் தயாரானார்.

ஸ்காட்லாந்தின் கிரேம் ஓப்ரி இன்னொரு ரகம். வாஷிங் மெஷின் உதிரி பாகம்கூடச் சேர்த்துத் தானே கட்டின சைக்கிள், வேலையில்லாத் திண்டாட்டம், பக்கபலமாகப் பெரிய டீம் எதுவும் இல்லை. நகராத டிரெய்னரில் ஒவ்வொரு அமர்வையும் அதே ஏற்பாட்டில் வைத்து, முந்தையதைவிடக் கொஞ்சமாவது முன்னேறவேண்டும் என்பது அவர் வழி. 1993 ஜூலை 16-ல் நார்வேயின் ஹாமார் நகரில் ஒரு மணி நேரச் சாதனைக்கு முயன்று தோற்றார். மறுநாள் காலையே மறுபடி ஏறி, 51.596 கிலோமீட்டர் போட்டார். ஆறே நாளில் கிறிஸ் போர்ட்மேன் அதை முறியடித்தது வேறு விஷயம்.

இனி ஜானி ஜி கதை. நம்ம வீடுகளுக்கு ரொம்ப நெருக்கமானது. முழுப்பெயர் ஜானி கோல்ட்பர்க், தென்னாப்பிரிக்காவில் பிறந்து லாஸ் ஏஞ்சலஸில் குடியேறினவர், நம்மை மாதிரி ஊர் விட்டு வந்த ஆசாமி. 1980-களில் 'ரேஸ் அக்ராஸ் அமெரிக்கா'வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். மேற்குக் கடலிலிருந்து கிழக்குக் கடல் வரை, சுமார் 4,800 கிலோமீட்டர், நிறுத்தாத கடிகாரம். அதற்கு ராத்திரியெல்லாம் ரோட்டில் ஓட்டிப் பழகவேண்டும். வீட்டில் மனைவி கர்ப்பிணி. இருட்டில் லாரிகளுக்கு நடுவே புருஷன். அவர் செய்தது, கராஜில் தன் கையாலேயே ஒரு நகராத சைக்கிள் கட்டியது. கனமான சக்கரம், ரோட்டு சைக்கிள் மாதிரியே கைப்பிடி, சீட். ராத்திரிப் பயிற்சி வீட்டுக்குள் வந்தது. 1989-ல் சாண்டா மோனிகாவில் அதையே வகுப்பாக்கினார். 1990-களின் நடுவில் ஷ்வின் கம்பெனி அந்த சைக்கிளைத் தயாரித்து விற்றது. இன்று ஜிம்மில் பாட்டுப் போட்டு இருட்டில் மிதிக்கிற 'ஸ்பின்னிங்' எல்லாம் அந்தக் கராஜின் வாரிசுதான். ரோட்டுக்குப் போவதற்காகக் கட்டின எந்திரம், ரோடே பார்க்காத லட்சக்கணக்கானவர்களிடம் போய்ச் சேர்ந்தது.

அதே பந்தயத்தை 2015-ல் நாசிக் டாக்டர் சகோதரர்கள் ஹிதேந்திர மகாஜனும் மகேந்திர மகாஜனும் இருவர் அணியாக முடித்தார்கள். 2017-ல் ராணுவ டாக்டர் ஸ்ரீநிவாஸ் கோகுல்நாத் தனியாக முடித்த முதல் இந்தியர் ஆனார்.

சரி, கேள்வியின் இரண்டாவது பாதி. தெம்பு வரும், ஒப்புக்கொண்டோம். அது மட்டும் போதுமா?

2016 பிப்ரவரி 27-ஆம் தேதி பெல்ஜியத்தில் ஒரு பந்தயத்தில் விழுந்து மேத்யூ ஹேமன் என்ற ஆஸ்திரேலியரின் முன்கை எலும்பு உடைந்தது. அவர் வாழ்க்கையெல்லாம் காத்திருந்த பந்தயம் பாரிஸ்-ரூபே, ஏப்ரல் 10. 257 கிலோமீட்டர், அதில் 50-க்கும் மேல் பழங்காலத்துக் கருங்கல் பாதை, பல்லெல்லாம் ஆடும். ஆறே வாரம் பாக்கி. கையில் கட்டோடு கராஜில் டிரெய்னரில் ஏறினார். எதிரே ஸ்க்ரீனில் ஸ்விஃப்ட் என்ற ஆன்லைன் உலகம். கட்டு பிரிந்தபின் ஸ்பெயினில் சின்னதாக ஒன்றிரண்டு பந்தயம். அப்புறம் நேராக ரூபே. ஐந்தாவது வெற்றிக்கு வந்திருந்த டாம் பூனனைக் கடைசி மைதானத்தில் முந்தி ஜெயித்தார். 38 வயசாகப் பத்து நாள்தான் பாக்கி. பூனனுக்கு மட்டுமில்லை, ஹேமனுக்கே நம்பமுடியவில்லை என்பது அவர் முகத்தில் தெரியும்.

டிரெய்னர் ஜெயித்தது என்று விளம்பரம் பண்ணினார்கள். நான் அந்தக் கணக்கை அப்படியே பாஸ் பண்ண மாட்டேன். ஹேமனுக்கு அது பதினைந்தாவது ரூபே. அந்தக் கல்லில் சக்கரத்தை எப்படி விடவேண்டும், எந்தத் திருப்பத்தில் எந்தப் பக்கம் சகதி என்பதெல்லாம் பதினைந்து வருஷ டெபாசிட். டிரெய்னர் செய்தது, ஆறு வாரத்தில் இருதயமும் காலும் இளைத்துப்போகாமல் காத்தது.

டெபாசிட் இல்லாதவர்கள் கதை பாருங்கள். அதே ஸ்விஃப்ட், உள்ளே நன்றாக மிதிக்கிறவர்களைப் பொறுக்கி, தொழில்முறை அணியில் சேர்க்கும் போட்டி நடத்தியது. 2016-ல் தேர்வானவர் அமெரிக்காவின் லியா தோர்வில்சன், மாரத்தான் ஓட்டக்காரர். இருதயத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் நூறு பேர் தோளோடு தோள் உரசிப் போகிற கூட்டத்துக்குள் சைக்கிளை வைத்துக்கொள்வது அவருக்குப் பெரும்பாடாக இருந்தது. 2020-ல் அதே போட்டியில் வந்த ஆஸ்திரேலியர் ஜே வைன், ஏற்கனவே ஊரில் ரோட்டுப் பந்தயம் பழகினவர். 2022-ல் ஸ்பெயினின் வுவெல்டாவில் இரண்டு மலைக் கட்டங்களை ஜெயித்தார். மலையில் வேகம் குறைவு, கூட்டம் சிதறிவிடும், பெரும்பாலும் தெம்புக் கணக்குதான். மலை ஏறுபவர்களுக்கான புள்ளியில் முதலிடத்தில் இருக்கும்போதே 18-ஆம் கட்டத்தில் விழுந்து அடிபட்டு விலகினார். ரோடு தன் வாடகையை வாங்கிவிடும்.

2020 டிசம்பரில் கொரோனாவுக்கு நடுவே நகராத சைக்கிளுக்கு முதல் உலக சாம்பியன்ஷிப்பே நடந்தது. ஆண்களில் ஜெயித்த ஜேசன் ஆஸ்போர்ன் ஜெர்மனியின் துடுப்புப் படகு வீரர். அடுத்த வருஷம் டோக்கியோ ஒலிம்பிக்கில் படகில் வெள்ளி. 2022-ல் தொழில்முறை சைக்கிள் அணி. எஞ்சின் நல்ல எஞ்சின், வண்டியை மாற்றிக்கொண்டார்.

நம்ம ஊர்க் கணக்குக்கு வருவோம். இந்தப் பக்கம் நம்மவர்கள் பலர் முதலில் ஆசைப்படுவது 200 கிலோமீட்டர் ப்ரெவே. 13 மணி 30 நிமிஷத்துக்குள் முடிக்கவேண்டும், பந்தயம் கிடையாது. இதற்கு ரூமுக்குள் வாரம் மூன்று நாள், ஒரு மணி நேரம் மிதித்தால் காலும் மூச்சும் தயாராகும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. உள்ளே ஒரு மணி என்றால் முழுசாக ஒரு மணி. சிக்னல் இல்லை, இறக்கம் இல்லை, காலைத் தொங்கப்போட இடமே இல்லை. இன்னொரு லாபம், சூட்டில் மிதிக்கிற பழக்கம் இரண்டு வாரத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதியைக் கூட்டும். மார்ச் வெயிலுக்கு உதவும்.

கொடுக்காதது எது? எட்டாவது மணி நேரத்தில் உள்ளங்கை மரத்துப்போவது. ஓட்டிக்கொண்டே ஒரு கையால் பாட்டிலை எடுப்பது. லாரி தாண்டும்போது காற்று முதலில் தள்ளி, அப்புறம் இழுப்பது. எதிர்த்திசையில் வருகிற மோட்டார் சைக்கிளையும், ரோட்டு நடுவே படுத்திருக்கிற மாட்டையும், மழைத்தண்ணீர் மூடின பள்ளத்தையும் ஒரே பார்வையில் பார்ப்பது. டிரெய்னரில் பூட்டின சைக்கிள் சாயாது. ரோட்டில் சாய்ந்தால்தான் திரும்பும். பேலன்ஸையாவது கைவிடாமல் வைத்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு நூறு வருஷத்துப் பழைய ரோலர்தான் இன்றைக்கும் நல்ல சாமான். விலையும் குறைவு.

அதனால் நான் மதுரைக்காரரிடம் சொன்னது இதுதான். குளிர்காலம் முழுக்க உள்ளே மிதியுங்கள், பதினைந்து நாளுக்கு ஒரு தடவை அதே ஆறு நிமிஷம், அதே பாரம், நாடியை எண்ணி டைரியில் எழுதுங்கள். மழையோ காற்றோ வந்து புகையைக் கலைத்துவிட்ட ஞாயிற்றுக்கிழமை கிடைத்தால் தூக்கத்தை விட்டு வெளியே போய்விடுங்கள், நாற்பது கிலோமீட்டராவது. பிப்ரவரி முழுக்க வார இறுதி வெளியேதான். அவர் சைக்கிள் வாங்கிவிட்டார். டிரெய்னர் வாங்குவதற்குள், துணி உலர்த்த ஒரு இடம் கிடைத்தது என்று அவர் வீட்டம்மா சந்தோஷப்படுகிறாராம்.